ஓக் மேசையும் பாத்ரூம் பச்சையும்

கடிதத்தின் முதல் பக்கத்தை இராஜரட்ணம் மூன்றாம் முறை வாசித்து முடித்தபோது, குஞ்சித்தம்பியின் தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியிருந்தது.

"விளங்குது," என்றார் இராஜரட்ணம்.

"என்ன அண்ணை விளங்குது?"

"பொறும். எல்லாம் விளங்குது."

இராஜரட்ணம் அரசாங்க அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரியில் இருபத்தெட்டு வருஷம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கனடாவில், ரூஜ் என்ற இடத்தில் மகளோடு இருக்கிறார். அந்தத் தெருவில் எந்தத் தமிழ் வீட்டுக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தாலும், தபால்காரருக்கு அடுத்ததாக அதைத் தொடுகிறவர் அவர்தான். கூலி என்று ஒன்றும் வாங்கமாட்டார். தேத்தண்ணியும் இரண்டு ரோல்ஸும் வைத்தால் போதும். மூன்று வைத்தாலும் கோபிக்கமாட்டார்.

"சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு ஆள் வரப்போறான்," என்றார். "இந்த மேசை, கதிரை, சைட்போட் எல்லாத்துக்கும் விலை மதிக்க. செத்த மனிசியின்ரை சொத்துக் கணக்கை முடிக்கிறதுக்கு லோயர் அனுப்புறார்."

குஞ்சித்தம்பி மேசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிரச்சினை அந்த மேசையில்தான் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் இருந்ததும் அதிலேதான், வேறு இடம் இல்லாததால். பத்துப் பேர் இருந்து சாப்பிடக்கூடிய ஓக் மேசை, ஆறு கதிரை, இழுப்பறைகளோடு சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் சைட்போட். நாலு பேர் சாப்பிடக் கட்டிய அறைக்குள் இத்தனையும் வந்து இறங்கியதிலிருந்து, குசினிக்குப் போகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் போகவேண்டியிருந்தது.

எல்லாம் மிஸஸ் பிரிங்கிள் விட்டுப் போனவை. எண்பத்தேழில் குஞ்சித்தம்பி அகதியாக வந்து இறங்கிய நேரம், டான்ஃபோர்த் பக்கம் தன் வீட்டு பேஸ்மென்றைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தவர் அந்த மனிசி. ஆறு வருஷம் குஞ்சித்தம்பி அவருக்குப் பனி வழித்தார், புல் வெட்டினார், கேள்வியும் கேட்டார். கேள்வி கேட்காமல் குஞ்சித்தம்பியால் இருக்க முடியாது. ஏன் கனடாவில் காகம் குறைவு, ஏன் வெள்ளைக்காரர் சவர்க்காரம் போட்ட கோப்பையை அலசாமல் துடைக்கிறார்கள், ஏன் இந்த மேசையின் மரத்தில் மட்டும் புலிக்குப் போல வரிவரியாய்க் கோடு இருக்கிறது. மனிசியும் தெரிந்ததற்கெல்லாம் சலிக்காமல் பதில் சொல்லும். இந்த மேசையில் இருத்தித்தான் அவருக்குக் குடியுரிமைப் பரீட்சைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது. இந்த நாட்டில் அவரை 'இரு' என்று சொல்லி ஒரு கதிரையை இழுத்து வைத்த முதல் ஆள் அதுதான். செத்தபோது சொந்த வீட்டில் ஒருவர் போனது போலக் குஞ்சித்தம்பி அழுதார். மேசை அவருக்கு என்று உயிலில் எழுதியிருந்ததைக் கேட்டு மறுபடியும் அழுதார்.

அவருடைய மனைவி நாகேஸ்வரி அழுதது சாமான் ஏற்றிய லொறி வந்து நின்ற அன்றைக்கு. அஜக்ஸில் இருக்கும் மச்சாள் பேபி வீட்டில் கண்ணாடி மேசை, தங்க நிறக் கால். இங்கே செத்தவீட்டு மரம்.

"விலை மதிச்சால் மதிச்சிட்டுப் போகட்டும். அதிலை என்ன அண்ணை?"

இராஜரட்ணம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி இல்லை என்பது தெருவுக்கே தெரியும்.

"தம்பி, செத்தவை விட்டிட்டுப் போற சொத்துக்கு அரசாங்கத்துக்கு வரி கட்டவேணும். ஊரிலை எத்தினை பேரின்ரை தென்னங்காணி இதாலை போனது தெரியுமே? அந்தப் பைல் எல்லாம் என்ரை மேசைக்குத்தான் வந்தது. மதிக்கிற விலையிலை பாதி."

"பாதியோ!"

"பாதி. ஊரிலையே அப்பிடியெண்டால், கனடாவிலை விடுவாங்களே? ஆள் வந்து பத்தாயிரம் எண்டு மதிச்சான் எண்டு வையும். ஐயாயிரம் கட்டவேணும். கட்டாட்டில் மேசையைத் தூக்கிக்கொண்டு போவாங்கள்."

"லோயரை ஒருக்காக் கேட்டுப் பாப்பமே?"

"நல்ல கதை. கனடாவிலை லோயர்மார் 'ஹலோ' சொல்லுறதுக்கே காசு எழுதுவாங்கள். நீர் 'ஹவ் ஆர் யூ' எண்டு வேறை கேட்பீர்."

குஞ்சித்தம்பி நிச்சயமாகக் கேட்பார். அது அவருக்கே தெரியும்.

"மற்றப் பக்கத்திலை என்ன எழுதியிருக்கு அண்ணை?"

"ரண்டாம் பக்கத்திலை என்ன இருக்கும், வழமையான சங்கதிதான். இருபத்தெட்டு வருசச் சேவையிலை நான் ரண்டாம் பக்கம் பிரட்டினதில்லை. பென்ஷன் ஒழுங்காத்தானே வருது?" என்ற இராஜரட்ணம் மூன்றாவது ரோலை எடுத்தார். "இப்ப செய்யவேண்டியது ஒண்டுதான். ஆள் வாறதுக்கு முந்தி மேசையின்ரை விலையைக் குறைக்கவேணும்."

திங்கட்கிழமை வேலை தொடங்கியது.

"மினுமினுப்புத்தான் விலை," என்று இராஜரட்ணம் தீர்ப்புச் சொன்னார். "அதை எடுத்துவிட்டால் பாதி வரி குறைஞ்ச மாதிரி."

எடுக்கிற பொறுப்பு நாகேஸ்வரியிடம் போனது. அந்த மேசையைச் சுரண்ட ஒருத்தர் அனுமதி தருவாரா என்று இரண்டு மாதமாகக் காத்திருந்தவள் அவள். கையில் பாத்திரம் மினுக்கும் தூள், சவர்க்காரத் தண்ணீர், பழைய துணி. சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு மத்தியானம் முழுக்கத் தேய்த்தாள். தண்ணீர் கறுப்பாக ஓடியது. மனிசி இருந்த நாளில் குளிர்காலம் எல்லாம் எரித்த விறகின் புகை அது.

பின்னேரம் குஞ்சித்தம்பி வேலையால் வந்தபோது நாகேஸ்வரி துணியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றாள். அழுக்குப் போன மேசை தேன் நிறத்தில் கிடந்தது. வரிகள் ஒவ்வொன்றும் வெள்ளிக் கோடுபோல எழும்பி நின்றன.

"இஞ்சாருங்கோ," என்றாள் மெதுவாக. "உது வடிவாத்தான் இருக்கு."

செய்தி கேட்டு ஓடிவந்த இராஜரட்ணம் தலையில் கை வைத்தார். "தங்கச்சி, என்ன செய்து வச்சிருக்கிறியள்! விலை ரண்டாயிரம் ஏறிப்போச்சே!"

செவ்வாய்க்கிழமை அவர் வேறு வழி கண்டுபிடித்தார். சுடச்சுடப் புட்டுப் பானையைக் கொண்டுவந்து, கீழே ஒன்றும் வைக்காமல், மேசைக்கு நடுவில் வைக்கச் சொன்னார். குஞ்சித்தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பானையை எடுத்தபோது பூரணச் சந்திரன் போல வெள்ளையாக ஒரு வட்டம். இராஜரட்ணத்துக்குப் பரம சந்தோஷம்.

ஆனால் புதன்கிழமை காலையில் பேபி போன் பண்ணி, பின்னேரம் வாறன் என்று சொல்லிவிட்டாள். நாகேஸ்வரிக்கு வரியாவது மண்ணாங்கட்டியாவது. மச்சாள் வருகிற வீட்டில் மேசையில் கறையோடு இருக்க முடியுமா? கையில் அகப்பட்ட தேங்காய் எண்ணெயை ஊற்றித் துடைத்தாள். வட்டம் போன இடம் தெரியவில்லை. போதாததற்கு எண்ணெய் குடித்த மரம், கோயில் தேர்போலப் பளபளத்தது. பேபி வந்து மேசையைச் சுற்றி இரண்டு தரம் நடந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பேபி ஒன்றும் சொல்லவில்லை என்றால் அவளுக்கு அன்றிரவு நித்திரை இல்லை என்று அர்த்தம்.

வியாழக்கிழமை சைட்போட்டின் முறை.

"பித்தளைக் கைபிடியளைக் கழட்டும் தம்பி. கழட்டி அரிசி மூட்டைக்குள்ளை ஒளிச்சு வையும். டொலர் கடையிலை பிளாஸ்டிக் குமிழ் விக்குது. அதைப் பூட்டுவம்."

முதல் லாச்சியின் கைபிடியைக் கழற்றியதும் குஞ்சித்தம்பி "அண்ணை, இதைப் பாருங்கோ!" என்று கத்தினார். நூறு வருஷமாகப் பித்தளைக்குப் பின்னால் மறைந்திருந்த இடத்தில், மரத்தில் சூட்டுக்கோலால் எழுதியதுபோல ஒரு முத்திரை. செய்தவரின் பெயரும், கீழே 1889 என்ற ஆண்டும்.

"ஆர் அண்ணை இவர்? ஏன் ஒளிச்சுப் பேர் எழுதினவர்? எல்லா லாச்சியிலையும் எழுதியிருப்பாரோ?"

குஞ்சித்தம்பிக்கு வரி மறந்துபோனது. மற்றப் பதினொரு கைபிடியையும் கழற்றிப் பார்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை. எல்லாவற்றிலும் இருந்தது. முத்திரைகளை மறைக்க பிளாஸ்டிக் குமிழ் போதவில்லை. மதிக்க வருகிறவன் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலொழிய அதைத் தவறவிடமாட்டான்.

"இனி ஒண்டும் செய்யேலாது," என்றார் இராஜரட்ணம், கண்ணாடியைக் கழற்றியபடி. "பெயின்ற்தான்."

குஞ்சித்தம்பி கையிலிருந்த பிளாஸ்டிக் குமிழைக் கீழே போட்டார். "மேசைக்கோ?"

"மேசை, கதிரை, சைட்போட். ஒண்டையும் விடப்படாது. என்ன பெயின்ற் கிடக்கு?"

கிடந்தது ஒன்றுதான். பாத்ரூமுக்கு அடித்து மிஞ்சிய பச்சை.

குஞ்சித்தம்பி வெள்ளிக்கிழமை முழுக்க வீட்டுக்குள்ளே நடந்தார். மேசையைப் பார்ப்பார், பெயின்ற் வாளியைப் பார்ப்பார். பெயின்ற் அடித்தால் மேசை அசிங்கமாகும். அடிக்காவிட்டால் மேசையே இல்லை. அசிங்கமாகவாவது வீட்டில் இருக்கட்டும், அரசாங்கத்தின் கிட்டங்கியில் கிடந்து சாகக்கூடாது. இப்படித்தான் அவர் மனதைத் தேற்றினார். நிலத்தில் பெயின்ற் ஊற்றுப்படாமல் வாளிக்குக் கீழே வைக்க, கையில் அகப்பட்ட ஒரு கடதாசியை இழுத்துப் போட்டார். பிறகு மேசையில் இரண்டு கையையும் வைத்து, "குறை நினையாதையுங்கோ மிஸஸ் பிரிங்கிள். உங்கட மேசையைக் காப்பாத்தத்தான் செய்யிறன்," என்று தமிழிலேயே சொன்னார். மனிசிக்கு விளங்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

முதல் பூச்சு விழுந்தபோது நாகேஸ்வரி குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுதாளா என்று குஞ்சித்தம்பி போய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தூரிகையைப் போட்டிருப்பார்.

ஐந்து கதிரையோடு பெயின்ற் முடிந்தது. ஆறாவது கதிரை மட்டும் தப்பி, பச்சைக் காட்டுக்குள் வழிதவறி வந்தது போல நின்றது.

சனிக்கிழமை வெளியே ஒரே மழை. காற்றில் ஈரம். அதனால் பெயின்ற் காயவில்லை. ஆனால் விலை மதிக்கிறவர் சரியாகப் பத்து மணிக்கு வந்துவிட்டார். பெயர் ஹட்சின்ஸ். சின்ன உருவம், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு முடிச்சு, கையில் டோர்ச். கதவடியிலேயே சப்பாத்தைக் கழற்றியதால் நாகேஸ்வரிக்கு ஆளைப் பிடித்துவிட்டது.

உள்ளே வந்த ஹட்சின்ஸ் மேசையைச் சுற்றி வந்து, அதன் ஓரத்தில் முழங்கையை ஊன்றிக் குனிந்து பார்த்தார். அதற்குள் இராஜரட்ணம் மூன்று தரம் தொண்டையைச் செருமினார்.

"இது எப்போது பூசியது?" என்று ஹட்சின்ஸ் ஆங்கிலத்தில் கேட்டார்.

"மிகப் பழையது," என்றார் இராஜரட்ணம், அதே ஆங்கிலத்தில், கச்சேரிக் குரலில். "முதலாம் உலக யுத்த காலம் என்று நினைக்கிறேன்."

ஹட்சின்ஸ் மேசை ஓரத்தில் ஊன்றியிருந்த முழங்கையை எடுத்தார். வெள்ளைச் சட்டையில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை.

"ஈரமான யுத்தம்," என்றார் ஹட்சின்ஸ்.

பிறகு அவர் நிலத்தில் படுத்து, டோர்ச்சோடு மேசைக்குக் கீழே ஊர்ந்து போனார். ஒரு மனிதன் மேசைக்குக் கீழே என்ன பார்க்கிறான் என்று தெரியாமல் குஞ்சித்தம்பியால் நிற்க முடியுமா? இராஜரட்ணம் சட்டையைப் பிடித்து இழுத்தும் கேளாமல் அவரும் கீழே ஊர்ந்து போனார்.

கீழ்ப்பக்கத்துக்கு யாரும் பெயின்ற் அடிக்கவில்லை. அங்கே மரம் அப்படியே இருந்தது. ஹட்சின்ஸ் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, பொருத்துகள் கையால் வெட்டியவை என்று காட்டினார். ஓரிடத்தில் தச்சனின் பென்சில் கோடு நூறு வருஷமாக அழியாமல் கிடந்தது.

"மரத்தில் இந்த வரிக்கோடு ஏன் வருகிறது?" என்று கேட்டார் குஞ்சித்தம்பி. மிஸஸ் பிரிங்கிளுக்கே விடை தெரியாத ஒரே கேள்வி அதுதான்.

"மரத்தை நாலாகப் பிளந்து, நடுவைப் பார்த்து அறுக்கவேண்டும். அப்படி அறுத்தால் நிறைய மரம் வீணாகும். ஆனால் வரி தெரியும். வீணானாலும் பரவாயில்லை என்று நினைத்தவன்தான் இப்படிச் செய்வான்."

குஞ்சித்தம்பி அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். எட்டு வருஷக் கேள்விக்குப் பதில் கிடைத்த சந்தோஷத்தில், கேட்கக்கூடாத கேள்வியும் வாயால் வந்துவிட்டது.

"பச்சை இல்லாவிட்டால் என்ன விலை வரும்?"

"எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் டொலர். குறையாது."

மேசைக்கு மேலே இராஜரட்ணம் 'முருகா' என்றது கீழே கேட்டது.

"இப்போது?" என்றார் குஞ்சித்தம்பி.

ஹட்சின்ஸ் வெளியே வந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, பச்சைக்குள் தனியே நின்ற ஆறாவது கதிரையைப் பார்த்தார். "அந்தக் கதிரைக்கு நூற்று நாற்பது போடலாம். மற்றதெல்லாம் விறகு. நான் கண்ணால் கண்டதைத்தான் எழுத முடியும்."

"எழுதுங்கோ, எழுதுங்கோ!" என்று இராஜரட்ணம் ஆங்கிலத்தை விட்டுவிட்டார்.

அன்றைக்கு ஹட்சின்ஸுக்குக் கிடைத்த மரியாதை, அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கும் கிடைத்திராது. ரோல்ஸ், வடை, கேசரி, இரண்டு தரம் தேத்தண்ணி. விறகு என்று சொன்னதற்கு ஏன் இப்படிக் கவனிக்கிறார்கள் என்று விளங்காமல், மனிதர் வடையோடு திருதிருவென்று முழித்தார்.

அவர் போனதும் இராஜரட்ணம் விரல் மடித்தார். "ஐயாயிரத்து ஐந்நூறு கட்டவேண்டிய இடத்திலை, இப்ப எழுபது டொலர். தம்பி, ஒரு கிளாக்கரின்ரை அருமை உமக்கு இப்ப விளங்குதே?"

"விளங்குது அண்ணை. உங்களாலைதான் என்ரை மேசை மிஞ்சினது," என்று குஞ்சித்தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கை பச்சையாக இருந்ததால் இருவரும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டார்கள்.

பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை, பெயின்ற் கழற்றும் மருந்து வாங்கி, புருஷனும் பெண்சாதியுமாகச் சுரண்டினார்கள். முழுதாகப் போகவில்லை. வரிகளுக்கு இடையிலே பச்சை தங்கிவிட்டது. மேசை கொஞ்சம் பாசி பிடித்தது மாதிரித்தான் இருந்தது. ஆனால் ஒரு பின்னேரம், பேபி போனில், "மச்சாள், கண்ணாடி மேசை மலிவு விலையிலை போட்டிருக்கு, வாங்கேல்லையோ?" என்று கேட்க, நாகேஸ்வரி "எங்களுக்கு மேசை இருக்குது," என்று சொன்னது குஞ்சித்தம்பியின் காதில் விழுந்தது. அவருக்கு வயிறு நிறைந்துபோனது.

அடுத்த கிழமை லோயரின் கந்தோரிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்தாள். சுபாங்கி என்று பெயர், தமிழ்ப் பிள்ளை, கையில் பைல். வரிக் கணக்காக்கும் என்று குஞ்சித்தம்பி எழுபது டொலரை எண்ணிச் சட்டைப் பையில் ஆயத்தமாக வைத்துக்கொண்டார். இராஜரட்ணமும் வந்து கதிரையில் இருந்தார், அந்த ஆறாவது கதிரையில்.

"அங்கிள், இதிலை ஒரு சைன் வேணும்," என்று சொன்ன சுபாங்கி ஒரு உறையை நீட்டினாள்.

உள்ளே ஒரு செக். குஞ்சித்தம்பியின் பெயருக்கு நூற்று நாற்பது டொலர்.

"பாத்தீரே!" என்று இராஜரட்ணம் துள்ளி எழும்பினார். "வரியும் இல்லை, மேலாலை திருப்பியும் தாறாங்கள்! நான் அடிச்சு வச்ச கணக்கு அப்பிடி!"

குஞ்சித்தம்பி செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிள்ளை, இது என்ன காசு?"

"லெட்டரிலை இருக்கே அங்கிள், செகண்ட் பேஜிலை. நீங்கள் வாசிக்கேல்லையா?"

குஞ்சித்தம்பி இராஜரட்ணத்தைப் பார்த்தார். இராஜரட்ணம் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார். அலுமாரி, லாச்சி, போன் புத்தகத்துக்குக் கீழே என்று தேடி, கடைசியில் நாகேஸ்வரிதான் பேஸ்மென்றில் பெயின்ற் வாளிக்கு அடியில் ஒட்டிக்கிடந்த கடதாசியை உரித்துக்கொண்டு வந்தாள். நடுவில் வட்டமாக ஒரு பச்சை. அந்த வட்டத்துக்குள்ளே இருந்ததைச் சுபாங்கி விரல் வைத்து வாசித்து, தமிழில் சொன்னாள்:

"'மேசைக்கும் சாமானுக்கும் என்ன விலை மதிக்கிறாங்களோ, அதே அளவு காசையும் என்ரை பணத்திலை இருந்து குஞ்சித்தம்பிக்குக் குடுக்கவேணும், கஷ்டம் வந்து அவர் என்ரை மேசையை விக்கக்கூடாது' எண்டு எழுதி வச்சிருக்கிறா, அங்கிள்."